பிப் எந்த இடத்தில் மாறத் தொடங்குகிறான்?

கேள்வி – தாழ்வாரம்:
டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் பிப்பின் குணமாற்றம், 15 மார்க் கேள்வி. பிப்புக்கு ரகசியமாகப் பணம் அனுப்பியவன், சிறுவயதில் அவன் உதவிய கைதி மாக்விட்ச் என்று தெரியவரும் 39-ஆம் அத்தியாயத்தைத்தான் கைடுகள் திருப்பம் என்கின்றன. அதுவரை பகட்டுக்காரன், அப்புறம் நல்லவன் என்று எழுதினால் போதுமா?

பதில் – பழையபேப்பர்:
போதாது. 39-இல் பிப்புக்கு உண்மை தெரிகிறது, அவ்வளவுதான். குணம் அங்கே மாறவில்லை. மாக்விட்ச் ஆசையாகக் கையைப் பிடித்து முத்தமிடும்போது அவனுக்கு ரத்தமே உறைந்துபோகிறது.

கைகளைத் தொடர்ந்து பாருங்கள். 8-ஆம் அத்தியாயத்தில், பணக்கார மிஸ் ஹாவிஷாமின் வளர்ப்பு மகள் எஸ்டெல்லா அவனுடைய முரட்டுக் கையையும் தடித்த பூட்ஸையும் ஏளனம் செய்கிறாள். வெட்கம் அங்கே ஆரம்பம். 27-இல், அவனை வளர்த்த கொல்லர் ஜோ லண்டனுக்கு வருகிறார். தொப்பியைக் கணப்பு மேடையின் மூலையில் வைக்கிறார், அது விழுந்துகொண்டே இருக்கிறது, பிப்புக்கு எரிச்சல். காசு கொடுத்து அவர் வருகையைத் தடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். 56-இல் அதே பிப் கோர்ட்டில் ஊரே பார்க்க, மரண தண்டனைக் கைதி மாக்விட்சின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அருவருப்பு விலகியது 54-இல், தப்பிக்க முயன்ற மாக்விட்ச் படகில் பிடிபட்டபோது.

பதில் – ஓரக்குறிப்பு:
பணக்கணக்கையும் சேருங்கள். 21 வயதில் கைக்கு வந்த 500 பவுண்டில் பாதியை, நண்பன் ஹெர்பர்ட்டுக்கே தெரியாமல், அவனைக் கிளாரிக்கர் என்ற இளம் வணிகரின் தொழிலில் சேர்க்கக் கட்டுகிறான் (37). கடன் கழுத்தை நெரிக்கும் பகட்டுக் காலம் அது! ஆக, ‘அதுவரை கெட்டவன்’ என்ற வாதம் நிற்காது. பாக்கித் தவணைக்கு மாக்விட்சின் காசைத் தொட மனமில்லாமல் மிஸ் ஹாவிஷாமிடம் 900 பவுண்டு கேட்கிறான் (49). உனக்கு எதுவும் வேண்டாமா என்று அவள் கேட்டும் தனக்கென்று ஒன்றும் வாங்கவில்லை.

பதில் – மைக்கூடு:
37-ஐ ரொம்பவும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். அது அவன் உழைத்துச் சம்பாதித்த பணமில்லை. கொடுக்கும் கை அவனுக்கு எப்போதும் உண்டு. இல்லாதது ஜோவின் முகத்தைப் பார்க்கும் துணிச்சல். 58-இல்கூட, சிறுவயதுத் தோழி பிட்டி தன்னைக் கட்டிக்கொள்வாள் என்ற நினைப்போடுதான் ஊருக்குப் போகிறான். அன்றைக்குத்தான் அவளுக்கும் ஜோவுக்கும் கல்யாணம் முடிந்திருக்கிறது. தனக்காக எல்லாரும் காத்திருப்பார்கள் என்ற எண்ணம் அதுவரை போகவில்லை.

மார்க் போகிற இடம் இன்னொன்று: கதை சொல்வது வளர்ந்த பிப். ‘நான் நன்றிகெட்டவன்’ என்ற வரிகள் அவனுடையவை. அவற்றைச் சிறுவனின் மனமாற்றத்துக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். அவன் செய்ததை மட்டும் காட்டுங்கள்.

தாழ்வாரம்:
என் பதிப்பில் மூன்றாம் பாகம் மறுபடி 1-இலிருந்து தொடங்குகிறதே?

பழையபேப்பர்:
முதல் பாகத்தில் 19 அத்தியாயம், மற்ற இரண்டிலும் 20, மொத்தம் 59. மூன்றாம் பாக எண்ணோடு 39-ஐக் கூட்டுங்கள். கோர்ட் காட்சி உங்களுக்கு 17.