பாமிர் சாலையில் சைக்கிள் படப்பிடிப்பு: சார்ஜ் கணக்கு இடிக்கிறது, உதவுங்கள்

வணக்கம். கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து முர்காப் வழியாக தஜிகிஸ்தானின் கோரோக் வரை, எம்41 எனப்படும் பாமிர் சாலையில் சைக்கிளிலேயே போய் ஒரு ஆவணப்படம் எடுக்கத் திட்டம். வாகனத் துணை கிடையாது. சிக்கல் மின்சாரம்தான்.

ஆக்‌ஷன் கேமரா பேட்டரி ஒன்று சுமார் 6.5 வாட் ஹவர். நாளுக்கு நான்கு என்றால் 26. முன்சக்கர ஹப் டைனமோ (சக்கரம் சுழலும்போது அச்சிலேயே மின்சாரம் எடுப்பது) 6 வோல்ட், 3 வாட்; மணிக்கு 15 கி.மீ. ஓட்டினால்தான் அது முழுசாகக் கிடைக்கும். ஐந்து மணி நேரம் ஓட்டினாலும் 15 வாட் ஹவர், அதை யூஎஸ்பி மின்சாரமாக மாற்றும் கன்வெர்ட்டரின் இழப்பு போக 10 தேறினால் அதிகம். கராகுல் ஏரி தாண்டி 4,655 மீட்டர் உயர அக்பைதால் கணவாய் ஏற்றத்தில் வேகம் ஆறு கி.மீ.தான் இருக்கும். அங்கே டைனமோவை நம்ப முடியாது. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் பற்றாக்குறையை மூன்று நாள் தாங்கும், அப்புறம்?

கேமராவை நேரடியாக டைனமோவில் செருகுவது சரிவராது: வேகம் குறையும்போதெல்லாம் சார்ஜ் அறுந்து அறுந்து வரும், திறந்த போர்ட்டில் புழுதி ஏறும். நடுவில் பவர் பேங்க் வேண்டும். ஆனால் பல பவர் பேங்குகள் தாம் சார்ஜ் ஏறிக்கொண்டே அதே நேரத்தில் கேமராவுக்கும் சார்ஜ் கொடுக்காது. இரண்டையும் செய்யும், விட்டுவிட்டு வரும் மின்சாரத்தில் தானே மறுபடி தொடங்கும் மாடல் எது?

10 வாட் சோலார் பேனலைப் பின் கேரியரில் கட்டினால் அலையலையான மண்சாலை அதிர்வில் முதலில் பழுதாவது பேனலா, இணைப்பு வயரா?

இரவுக் குளிரில் பேட்டரிகள் தூங்கும் பைக்குள் இருக்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது தெரியும்.

அந்தச் சாலையில் ஓட்டியவர்கள் வயரை எப்படிக் கட்டினீர்கள் என்று ஒரு படம் போட்டாலே போதும்.