'டவுட்' என்று எழுதுவதா, 'கொஸ்டின்' என்று எழுதுவதா?

எல்லோருக்கும் வணக்கம். வேலை விஷயமாக இங்கிலாந்தில் இருக்கும் ஒருவருக்கு அடிக்கடி மெயில் எழுதுகிறேன். போன வாரம் அவர் அனுப்பிய கணக்கில் ஓரிடம் புரியாமல், "ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் ஃபிகர்ஸ்" என்று எழுதிவிட்டேன். "நான் கொடுத்த கணக்கு தப்பு என்கிறீர்களா?" என்று வருத்தத்தோடு பதில் வந்தது. எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம் அகராதியைப் பார்த்ததும்தான் விளங்கியது. தமிழில் வகுப்பில் கை தூக்கிக் கேட்பதும் சந்தேகம், ஒருவரை நம்பாததும் சந்தேகம். அவர்கள் ஆங்கிலத்தில் 'டவுட்' பெரும்பாலும் நம்பாமையைத்தான் குறிக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள 'கொஸ்டின்' போதும். நம் ஊரில் எல்லோரும் டவுட் என்றே பேசுவதால் இது எனக்கு உறைக்கவே இல்லை.

இப்போது என் கேள்வி: "ஐ ஹேவ் எ கொஸ்டின் அபௌட் யுவர் ஃபிகர்ஸ்" என்றாலும் குறை சொல்வதுபோலத் தொனிக்குமா? "குட் யூ ஹெல்ப் மீ அண்டர்ஸ்டாண்ட் திஸ் ஃபிகர்?" என்றால் பணிவாக இருக்குமா, இல்லை ரொம்பக் குழைவதாகிவிடுமா?

இன்னொன்று. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதற்கு 'பை ஃப்ரைடே' சரி, 'டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிவரை தொடர்ந்து என்றாகிவிடும். அது தெரியும். ஆனால் 'பை ஃப்ரைடே' என்று படிப்பவர் வெள்ளிக்கிழமை மாலையையும் சேர்த்துக்கொள்வாரா?

வெளிநாட்டினருக்குத் தினமும் எழுதிப் பழகியவர்கள், நீங்கள் வழக்கமாக எழுதும் வாக்கியத்தை அப்படியே போடுங்கள். திங்கட்கிழமை அவருக்கு மறுபடி எழுத வேண்டும்.