ரோமானியச் சாந்துக்குச் சுர்க்கி (செங்கல் தூள்): விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பண்டைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொன்ன அளவில் ரோமானியச் சாந்துக் கட்டிகள் செய்து பார்க்க வேண்டும். ஆற்று மணலானால் சுண்ணாம்பு 1, மணல் 2. கூடவே மூன்றில் ஒரு பங்கு இடித்துச் சலித்த ஓட்டுத்தூள். துறைமுகக் கட்டுமானத்துக்குச் சுண்ணாம்பு 1, நேப்பிள்ஸ் வளைகுடாப் பக்கத்து எரிமலைச் சாம்பல் 2. இது தண்ணீருக்குள்ளேயே இறுகும், அதுதான் அதன் அருமை! அந்தச் சாம்பலுக்குப் பதில் நம் சுர்க்கிதான்.

சிக்கல் செங்கல்லில். அதிகம் வெந்த கல்லின் தூள் சுண்ணாம்போடு சேராமல் வெறும் மணலாகவே நின்றுவிடும். சாந்துக் கட்டி வெயிலில் சட்டென்று உலர்ந்தாலும் வெடிக்கும். ஈரச்சாக்கு போட்டே வைக்க வேண்டும்.

மிதமாக வெந்த கல்லை நிறத்திலா, தட்டும் ஓசையிலா கண்டுபிடிப்பது? தூளை எவ்வளவு நைசாகச் சலிக்க வேண்டும்? பழைய கோயில், கட்டட மராமத்தில் சுர்க்கி கலக்கும் கொத்தனார்கள் யாராவது சொல்லுங்களேன்.