பேஜ் கேச் போட்டும் எப்போதும் 'மிஸ்' தான் வருகிறது

கேள்வி:
வேர்ட்பிரஸ் தளம், முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர். ஃபாஸ்ட்சிஜிஐ கேச் (பிஎச்பி தந்த பக்கத்தைச் சேமித்து மறுபடி தருவது) போட்டு, 200 (சரியாக வந்தது என்ற குறியீடு) வரும் பக்கங்களை 60 நிமிடம் வைத்திருக்கும்படி அமைத்தாகிவிட்டது. கேச் நிலையைக் காட்ட ஒரு ஹெடரும் (பதிலோடு வரும் தகவல் வரி) உண்டு. எத்தனை முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் அதில் மிஸ் தான், அதாவது கேச்சிலிருந்து வரவில்லை. முதல் பைட் வரவே 1.4 வினாடி. கேச் ஃபோல்டர் காலி, பெர்மிஷன் சரி. லாகின் செய்யாத பிரவுசரில்தான் பார்க்கிறேன். வேறு எங்கே தேடுவது?

பதில் 1:
ஃபோல்டரே காலி என்றால் பக்கம் சேமிக்கப்படவில்லை, அதனால் 60 நிமிடக் கணக்கைக் கிளறிப் பயனில்லை. கர்ல் கமாண்ட் போட்டு ஹெடர்களைப் பாருங்கள். செட்-குக்கி ஹெடரில் பிஎச்பி செஷன் ஐடியும் (வருபவரை அடையாளம் வைக்கும் குறி), காலாவதியைச் சொல்லும் எக்ஸ்பயர்ஸில் 1981 நவம்பர் 19 என்ற தேதியும் இருந்தால் ஆள் அகப்பட்டாயிற்று. செஷன் தொடங்கினாலே பிஎச்பி தானாக ஒட்டும் தேதி அது. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் என்ஜின்எக்ஸ் சேமிக்காது. ப்ளகின், தீம் ஃபோல்டர்களில் செஷன் ஸ்டார்ட் எங்கே என்று கிரெப் (ஃபைல்களுக்குள் தேடும் கமாண்ட்) போட்டுத் தேடுங்கள்.

பதில் 2:
செட்-குக்கியைக் கண்டுகொள்ளாதே என்று கான்ஃபிகில் ஒரு வரி எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். முதலில் வந்தவரின் செஷன் குக்கியும் பக்கத்தோடு சேமிக்கப்பட்டு, பின்னால் வரும் அத்தனை பேருக்கும் போகும். கடைத் தளமாக இருந்தால் ஒருவரின் கூடை இன்னொருவர் திரையில்!

கேள்வி கேட்டவர்:
கிரெப்பில் மாட்டியது கான்டாக்ட் ஃபார்ம் ப்ளகின். கேப்சாவுக்காக எல்லாப் பக்கத்திலும் செஷன் தொடங்கியிருக்கிறது. அதை ஃபார்ம் பக்கத்தோடு நிறுத்தியதும் இரண்டாம் தடவையே ஹிட், 40 மில்லி வினாடி. ஆனால் ஃபேஸ்புக் லிங்கில் வருபவர்களுக்கு இன்னும் மிஸ்.

பதில் 1:
முகவரியின் வாலில் எஃப்பிசிஎல்ஐடி என்று ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். க்ளிக்குக்கு க்ளிக் மதிப்பு மாறும். கேச் கீயில் (சேமித்த பக்கத்தை அடையாளம் காணும் பெயர்) முழு முகவரியும் இருப்பதால் ஒவ்வொன்றும் புதுப் பக்கமாகிறது. கான்ஃபிகில் மேப் (மதிப்பை மாற்றும் விதி) எழுதி அதையும், விளம்பர லிங்குகளில் வரும் யூடிஎம் வகையறாவையும் கீயிலிருந்து நீக்குங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை ஒட்டுமொத்தமாக வெட்டினால், எதைத் தேடினாலும் ஒரே முடிவுப் பக்கம் வந்து நிற்கும்.

பதில் 3:
லாகின் குக்கிக்கு 'பைபாஸ்', 'நோ கேச்' இரண்டையும் எழுதினீர்களா? பைபாஸ் மட்டும் இருந்தால் கேச்சிலிருந்து எடுக்காது, ஆனால் வந்த பதிலைச் சேமிக்கத் தடையில்லை. கேச்-கன்ட்ரோலையும் கண்டுகொள்ளாத கான்ஃபிக் என்றால் அட்மின் பட்டையோடு பக்கம் வெளியே போய்விடும். 60 நிமிடத்தைக் கூட்டுவதானால் 12 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். வேர்ட்பிரஸ் நான்ஸ் (ஃபார்மில் வரும் தற்காலிகப் பாதுகாப்புக் குறி) காலாவதியாகி ஃபார்ம்கள் அனுப்ப மறுக்கும்.