புதிய தொடுதிரைக் கைபேசி: கோளாறு கருவியிலா, கையிலா?

பழைய பொத்தான்:
பதினோரு ஆண்டுகள் பொத்தான் கைபேசியோடு காலம் தள்ளிவிட்டு, நான்கு நாட்களுக்கு முன்புதான் தொடுதிரைக்கு மாறினேன். செயலியைத் திறக்க அதன் மேல் விரலை வைத்தால், அது திறப்பதற்குப் பதிலாக ‘நீக்கு’ என்ற பட்டி முளைக்கிறது. தட்டச்சு செய்யும்போது சில எழுத்துகள் விடுபடுகின்றன. சில இரண்டு முறை விழுகின்றன. சார்ஜரில் செருகியிருக்கையில் நான் தொடாமலேயே திரை நகர்கிறது. பேசி முடித்துக் காதிலிருந்து எடுத்த பின்பும் திரை இருண்டே கிடப்பதால் அழைப்பைத் துண்டிக்க முடிவதில்லை. திருப்பிக் கொடுக்க இன்னும் மூன்று நாள் அவகாசம் இருக்கிறது. கொடுத்துவிடலாமா?

நெடுங்கிள்ளி:
அவசரப்பட வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை கைப்பழக்கத்தால் வருபவை. அழுத்தினால்தான் வேலை நடக்கும் என்று பதினோரு ஆண்டுகள் பழகிய விரல் கண்ணாடியையும் அழுத்துகிறது. இன்றைய திரைகளோ பொதுவாக அழுத்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்முனைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன; மின்சாரத்தைக் கடத்தும் விரல் நெருங்கும்போது அவ்விடத்தின் மின்தேக்குதிறன் மாறுவதையே கருவி தொடுகையாகக் கொள்கிறது. நீங்கள் அழுத்துவதற்காக விரலை நிறுத்தும் அரை நொடி, அதன் கணக்கில் ‘நீண்ட அழுத்தம்’ ஆகிவிடுகிறது. இரண்டு வாரம் பொறுத்தால் விரல் தானே கற்றுக்கொள்ளும்.

வான்முகில்:
அவரிடம் இருப்பது மூன்று நாள். நீங்கள் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்கிறீர்கள்! தொடாமலேயே திரை நகர்வதற்கு எந்த விரற்பழக்கம் காரணம் என்றும் சொல்லிவிடுங்கள். ஊகத்தை விட்டுவிட்டுச் சோதித்துப் பார்ப்பதே நல்லது. ஆண்ட்ராய்டு கைபேசியானால், அமைப்புகளில் பில்டு எண்ணைத் தேடி அதன் மேல் ஏழு முறை தட்டினால் டெவலப்பருக்கான விருப்பங்கள் திறக்கும். அங்கே விரல் செல்லும் தடத்தைத் திரையில் கோடாகக் காட்டும் வசதியை இயக்கிவிட்டு, மேலிருந்து கீழ்வரை நெருக்கமாகக் கோடுகள் இழுத்துப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி, கையையும் திரையையும் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு இழுத்தபோதும் ஒரே இடத்தில் கோடு அறுந்தால், அது பழக்கத்தால் சரியாகப் போவதில்லை. சார்ஜரோடும் சார்ஜரில்லாமலும் தனித்தனியே செய்து பாருங்கள்.

நெடுங்கிள்ளி:
திரை தானாக நகர்வதைக் கவனிக்காமல் கடந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதற்குக் கைபேசியைக் குற்றம் சொல்வதற்கு முன், சார்ஜர் எது என்று கேட்க வேண்டும். தரமற்ற சார்ஜரிலிருந்து வரும் மின்னிரைச்சல் அந்த நுண்ணிய அளவீட்டைக் குழப்பிவிடும். திரை இருண்டு கிடப்பதற்கும், மேல்விளிம்பில் இருக்கும் அண்மை உணரியைப் பாதுகாப்புக் கண்ணாடி மறைப்பது காரணமாக இருக்கலாம். கண்ணாடி மூடியிருக்கும் வரை, கைபேசி இன்னும் காதருகே இருப்பதாகவே அது நினைக்கும்.

பழைய பொத்தான்:
இருவர் சொன்னதையும் செய்தேன். சார்ஜர் வீட்டில் கிடந்த பழையது. கைபேசிக்கு உரியதை மாற்றிச் செருகியதும் திரை அடங்கிவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் அழைப்புச் சிக்கலும் தீர்ந்தது. அணுகல்தன்மை அமைப்புகளில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டித்த பிறகு செயலிகள் ஒழுங்காகத் திறக்கின்றன. ஆனால் இடப்பக்கத்தின் கீழே விரலகலப் பட்டை ஒன்றில், மறுதொடக்கம் செய்த பின்பும், நாம் நிறுவிய செயலிகள் இயங்காத பாதுகாப்புப் பயன்முறையிலும் கோடு ஒவ்வொரு முறையும் அறுந்துபோகிறது. விடுபட்ட எழுத்துகள் எல்லாம் அந்தப் பட்டைக்குள் இருப்பவை.

வான்முகில்:
அது திரைப் பழுதேதான். கோடு அறுவதை இன்னொரு கைபேசியில் காணொளியாகப் பதிந்துகொண்டு நாளையே மாற்றுங்கள். கடையில் முதலில் சொல்லப்போவதும் ‘பழகிவிடும்’ என்பதாகவே இருக்கும்.

நெடுங்கிள்ளி:
நானே அதைச் சொன்னவன்தான், சொல்லிக் காட்டுங்கள். நான்கில் மூன்று பழுதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கொடுப்பதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்தில் சேமித்துவிட்டு, கூகுள் கணக்கை முதலில் நீக்கி, அதன் பிறகே முழுவதையும் அழியுங்கள். கணக்கு நீங்காமல் அழித்தால், அடுத்து அதை இயக்குபவரிடம் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கக்கூடும்.

பழைய பொத்தான்:
நாளைக் காலை மாற்றப் போகிறேன். இரண்டு முறை விழும் எழுத்துகள் மட்டும் அந்தப் பட்டையில் இல்லை. அவை என் விரலின் கைங்கரியம். மாற்றுக் கருவிக்கும் அதை நானே கொண்டுபோவேன் போலிருக்கிறது.