மறுமொழி: டயரின் ‘காண்டாக்ட் பேட்ச்’ – பாவுபரப்பு எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மணல், சேறு, காட்டுப் பாதை என்று தார் இல்லாத இடங்களில் ஃபோர் வீல் ஜீப் ஓட்டுபவர்களுக்குத் தமிழில் கையேடு எழுதும் நண்பர், இரண்டு சொற்களுக்குத் தமிழ் கேட்டிருந்தார். ஒன்று, டயரில் அந்தந்த நொடியில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி, அதாவது காண்டாக்ட் பேட்ச். இன்னொன்று, மணலில் இறங்கும் முன் டயரில் வேண்டுமென்றே காற்றைக் குறைக்கும் வேலை, அதாவது ஏர் டவுன். இதுவரை வந்த பரிந்துரைகள்: தொடர்புத் திட்டு, தொடுபரப்பு, தரைச்சுவடு, காற்றழுத்தக் குறைப்பு. எல்லாவற்றையும் இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் பார்த்தேன். எனக்கு வேறொரு சொல் தோன்றுகிறது. அது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், உடன்குடிப் பக்கம் மனைவியின் ஊரில், தேரிக்குள் இருக்கும் பனந்தோப்புக்கு வண்டியில் போனோம். தேரியைப் பார்க்காதவர்களுக்காக: தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மேடு மேடாகக் கிடக்கும் சிவப்பு மணல். கையில் அள்ளினால் விரலிடுக்கில் மாவு போல வழிந்துவிடும். மதியம் இரண்டு மணி. டயரில் 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று, தார் ரோட்டுக்கு உள்ளது அப்படியே. இருநூறு அடி போவதற்குள் பின்சக்கரம் இரண்டும் தோண்ட ஆரம்பித்தன. நான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஆக்சில் மணலில் போய் உட்கார்ந்துவிட்டது. மாமனார் இறங்கிக் குனிந்து பார்த்தார். முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவர். “டயரு பாவ மாட்டேங்கு மாப்ள. காத்தக் கொஞ்சம் எறக்குங்க” என்றார்.

நாலு டயரிலும் 16 வரை இறக்கினோம். வால்வைக் குச்சியால் அழுத்திப் பிடித்து, அளந்து, மறுபடி அழுத்தி, மொத்தம் கால் மணி நேரம் ஆனது. சக்கரத்தின் முன்னால் இருந்த மணலைக் கையால் தள்ளிவிட்டு, இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளட்சை விட்டேன். வண்டி எழுந்து நடந்தது. தோப்பில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், முதலில் போட்ட தடம் முழங்கால் ஆழத்துக்கு இரண்டு பள்ளம். அதற்கப்புறம் போட்ட தடத்தில் டயரின் ஒவ்வொரு பட்டனும் (தரையைக் கவ்வப் புடைத்திருக்கும் ரப்பர்க் கட்டி) தனித்தனியாக மேலாகப் பதிந்திருந்தது.

பாவு. அவர் சொன்ன வினைதான் நமக்கு வேண்டிய வேர் என்று நினைக்கிறேன். கால் தரையில் பாவவில்லை என்கிறோம். கல் பாவிய தளம் என்கிறோம். நாற்றங்காலில் விதை பாவுகிறோம். மூன்றிலும் படுவதும் இருக்கிறது, பரவுவதும் இருக்கிறது. காற்றைக் குறைத்த டயர் தரையில் செய்வது துல்லியமாக இதைத்தான். ஆகவே பாவுபரப்பு. வினைத்தொகை என்பதால் ‘ப்’ வேண்டாம். ‘பாவுப்பரப்பு’ என்று எழுதினால் நெசவுப் பாவின், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலின், பரப்பு என்று பொருள் திரும்பிவிடும்.

இனி மற்றச் சொற்கள். ‘தொடர்புத் திட்டு’ சொல்லுக்குச் சொல் மாற்றியது. தொடர்பு என்றால் ஆட்களுக்கிடையே உள்ள தொடர்புதான் முதலில் நினைவுக்கு வரும். ‘தரைச்சுவடு’ அழகான சொல், ஆனால் சுவடு என்பது வண்டி போன பிறகு மண்ணில் கிடப்பது. நமக்கு வேண்டியது வண்டியோடு கூடவே போவது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும், ஏனென்றால் சுவட்டைப் பார்த்துத்தான் பாவுபரப்பு சரியாக இருக்கிறதா என்று ஓட்டுபவர் தெரிந்துகொள்கிறார். ‘தொடுபரப்பு’ தவறில்லை. பள்ளிப் பாடநூலுக்குப் போதும். ஆனால் தொடுவது என்றால் ஒரு புள்ளியில் பட்டாலும் தொட்டதுதான். விரிவது அதில் இல்லை, இந்த விஷயத்தின் உயிரே விரிவதில் இருக்கிறது.

எவ்வளவு விரிகிறது என்று வீட்டில் அளந்தும் பார்த்தேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி, முன் டயரில் செம்மண் குழம்பு பூசி, கீழே சார்ட் அட்டை போட்டு மெதுவாக இறக்கி, மறுபடி தூக்கினேன். டயரின் அளவுக் குறியீடு 245/75 ஆர் 16. 30 பி.எஸ்.ஐ.யில் பதிந்தது சுமார் 16 செ.மீ. நீளம், 19 செ.மீ. அகலம். 15-க்கு இறக்கி அதே மாதிரி எடுத்தால் நீளம் 23, அகலம் 20. வண்டிக்கு வண்டி இது மாறும். ஆனாலும் கவனியுங்கள்: அகலம் ஒரு செ.மீ.தான் கூடியது, நீளம் ஏழு. காற்றை இறக்கினால் டயர் அகலமாகிறது என்று நானும் பல வருடம் நம்பியிருந்தேன். பக்கவாட்டில் பிதுங்கித் தெரிவது டயரின் பக்கச்சுவர்; அது தரையைத் தொடுவதில்லை. தரையில் படுவது முன்னும் பின்னுமாகத்தான் நீள்கிறது. காற்று பாதியானால் பரப்பு இரட்டிக்க வேண்டும் என்பது கணக்கு. என் அட்டையில் ஒன்றரை மடங்குதான் வந்தது, ஏனென்றால் பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. பக்கச்சுவர் தடித்த லாரி ரக டயர் என்றால் இன்னும் இறக்கினால்தான் அதே அளவு பாவும். கையேட்டில் ‘பாவுநீளம்’, ‘பாவகலம்’ என்று இரண்டையும் பிரித்தே எழுதுங்கள் என்று நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன். அகல டயர் தன் முன்னால் மணலைச் சுவர் போலக் குவித்துத் தள்ளுகிறது. நீளமாகப் பாவும் டயர் புல்டோசரின் சங்கிலி மாதிரி மேலேறிப் போகிறது.

பெரிய டயர் மாட்டும் ஆசையும் இங்கேதான் வந்து சேர வேண்டும். விட்டம் கூடினால் பாவுநீளம் கூடும். அப்புறம் ஆக்சில் தரையிலிருந்து உயரும். வண்டியின் ஸ்பிரிங்கை மாற்றி உடலை எவ்வளவு தூக்கினாலும் ஆக்சில் இருந்த இடத்தில்தான் இருக்கும். அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி, அதுவும் கூடிய விட்டத்தில் பாதி. மேலே சொன்ன டயரின் உயரம் கிட்டத்தட்ட 30.5 அங்குலம். 33 அங்குலம் மாட்டினால் ஆக்சில் ஒன்றேகால் அங்குலம் உயரும். அதற்கு ஈடாக ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 86-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். கியர் எல்லாம் அரை கியர் கூடிப்போன மாதிரி இழுவை குறையும், பிரேக் பிடிக்க நேரமாகும், வளைவில் டயர் மட்கார்டை உரசும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வேறு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. கம்பெனி கொடுத்த அளவிலேயே நல்ல பட்டன் டயர் வாங்கி, காற்றை ஒழுங்காக இறக்கக் கற்றுக்கொண்டால் நம் ஊர் மணலில் பெரும்பாலான இடத்துக்கு அதுவே போதும் என்பது என் அனுபவம். கையேட்டிலும் டயர் வாங்கும் அத்தியாயத்துக்கு முன்னால் பாவுபரப்பு அத்தியாயம் வரட்டும்.

இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். ‘காற்றழுத்தக் குறைப்பு’ என்று எழுதினால் படிப்பவருக்கு வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நினைவுக்கு வரும், மழைச் செய்தி போல ஆகிவிடும். புதிதாக எதையும் தேட வேண்டாம், பஞ்சர் கடையிலேயே சொல் இருக்கிறது. “காத்து இறங்கிருச்சு” என்றால் தானாகப் போனது. “காத்தை இறக்கு” என்றால் நாம் செய்வது. இறங்கு, இறக்கு என்ற தன்வினை பிறவினை வேறுபாடே இந்த வேலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. எனவே செயலுக்கு காற்றிறக்கல், திரும்ப அடிப்பதற்குக் காற்றேற்றல். தானாகக் குறைவது காற்றிறங்கல். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுவிடக் கூடாது. காற்றிறக்கிய டயரோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். மணலை விட்டு ஏறியதும் காற்றேற்றல் கட்டாயம் என்பதைக் கையேடு தடித்த எழுத்தில் சொல்ல வேண்டும். இன்னொரு அபாயம், 12-க்குக் கீழே இறக்கிவிட்டு ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தால், ரிம்மைக் கவ்வியிருக்கும் டயர் விளிம்பு கழன்றுவிடும். எனக்கு ஒருமுறை கழன்று, விளிம்புக்குள் புகுந்த மணலைச் சாக்குத் துணியால் துடைத்தெடுத்து மறுபடி உட்காரவைக்க ஒரு முழு சாயங்காலம் போனது.

இந்த வேலையில் முன்னோடிகள் செய்த விதமும் பெயர் வைத்த விதமும் நமக்கு உதவும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை, நீரிலும் நிலத்திலும் ஓடும் ‘டக்’ என்ற லாரியைக் கொண்டுவந்தது. கடற்கரை மணலில் ஏறும்போது ஓட்டுநர் தன் இருக்கையில் இருந்தபடியே டயர்க் காற்றைக் குறைத்து, ரோட்டுக்கு வந்ததும் கூட்டிக்கொள்ளலாம். இந்த அமைப்புக்கு ‘இருக்கைக் காற்றமைப்பு’ என்று சொல்லிப் பார்த்தேன், அவ்வளவு நன்றாக இல்லை. யாராவது மேம்படுத்துங்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் 38, 44 அங்குல டயர்களில் பனியாற்றின் மேலேயே ஓட்டுகிறார்கள். புதுப் பனியில் மூன்று பி.எஸ்.ஐ. அளவுக்கும் இறக்குவார்கள். காற்றிறக்கலுக்கு அவர்கள் சொல்வது ‘வெளியே விடு’ என்று பொருள்படும் அன்றாட வினைதான். தொலைபேசி வந்தபோதும் அவர்கள் நூல், கயிறு என்ற பொருளில் வழக்கொழிந்து கிடந்த ‘சீமி’ என்ற பழஞ்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அங்கே தொலைபேசி சீமிதான். நம்மிடம் பாவு வழக்கொழியக்கூட இல்லை, உடன்குடியில் உயிரோடு இருக்கிறது.

எதிர்ப்பு வரக்கூடிய இடங்களையும் நானே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாண நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டார்: “எங்கட பக்கம் பாவிக்கிறது எண்டால் பயன்படுத்துறது. குழம்பாதா ஐயா?” நல்ல கேள்வி. ஆனால் அது பாவிக்கிறது, பாவித்தது என்று வரும். இது பாவுகிறது, பாவியது என்று வரும். ‘டயரைப் பாவிக்கும்போது’ என்பதும் ‘டயர் பாவும்போது’ என்பதும் ஒரே பத்தியில் வந்தாலும் குழப்பம் இருக்காது. வினையெச்சம் மட்டும் ‘பாவி’ என்று தனியே நின்றால் திட்டுவது போல ஆகிவிடும். அந்த இடத்தில் ‘பாவிக்கொண்டு’ என்று எழுதாமல் ‘பாவியபடி’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்தாருக்கும் சிக்கல் இல்லை.

சொல் ஓடுகிறதா என்று பார்க்க, கையேட்டு நடையில் நான்கு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்:

“மணலில் இறங்கும் முன் காற்றிறக்கல் செய்யவும். பாவுநீளம் போதுமா என்பதைப் பத்தடி ஓட்டி இறங்கிச் சுவட்டில் பார்க்கவும். பட்டன் அச்சு ஆழமில்லாமல் தெளிவாக இருந்தால் டயர் நன்றாகப் பாவுகிறது. தடம் பள்ளமாக இருந்தால் இன்னும் இரண்டு பி.எஸ்.ஐ. இறக்கவும்.”

உரக்கப் படித்தால் எனக்கு இடறவில்லை. பஞ்சர் கடைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு தயக்கம் மிச்சம். சேலம் பக்கம் நெசவாளர்கள் பாவு நீட்டும் இடத்துக்குப் ‘பாவடி’ என்று பெயர் உண்டு. அதனால்தான் பாவடி என்ற குறுஞ்சொல்லை நான் எடுக்கவில்லை, அது அவர்களுடையது. பாவுபரப்பு என்பது அவர்கள் காதுக்கு எப்படிக் கேட்கிறது என்று தறிக் குடும்பத்து நண்பர்கள் யாராவது சொன்னால், அதன்பின் நம் குழுமச் சொற்பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்,
தேரி மருமகன்