புதுப்பிப்பு: புஷ்கருக்குப் போய்வந்துவிட்டோம்

ஜெய்ப்பூரிலிருந்து வழிகாட்டியுடன் ஒரே நாளில் ராஜஸ்தானின் ஏரிக்கரைப் புனிதத் தலமான புஷ்கர் போய்வர முடியுமா என்று கேட்டிருந்தேன். தாராளமாக முடிகிறது. சுமார் 145 கி.மீ.; விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

ஏரியைச் சுற்றி 52 படித்துறைகள். செருப்பைத் தள்ளியே கழற்றிவிட வேண்டும். நீராடுபவர்களைப் படமெடுக்கக் கூடாது. தட்சிணையை வழிகாட்டி முன்கூட்டியே பேசி முடித்தது பேருதவி. புரோகிதர் அம்மாவின் உள்ளங்கையில் ரோஜா இதழும் அரிசியும் வைத்து, அப்பாவின் பெயரையும் கோத்திரத்தையும் கேட்டுச் சங்கல்பம் செய்தார். பிறகு மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. அம்மா அழுதுவிட்டார். அதற்காகவே இந்தப் பயணம் தகும்.

பிரம்மா கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். முதலில் அங்கே செல்லுங்கள். சாவித்திரி கோயில் குன்றின்மேல் இருக்கிறது, முழங்கால் வலிக்காரர்களுக்கு ரோப்கார் உண்டு. வட இந்தியக் கார்த்திக் மாதப் பௌர்ணமியை (அக்டோபர்–நவம்பர்) ஒட்டிப் போவதானால் கூட்டம் நெரியும், ஒரு நாள் போதாது.